வாடகை அறையும் பகுதிநேர வேலையும்: வெளிநாட்டு மாணவரும் அவருக்கு இடமளிப்போரும் அறிந்திருக்க வேண்டியவை

ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்களில் முதல் பருவம் பிப்ரவரி இறுதியிலோ மார்ச் தொடக்கத்திலோ ஆரம்பமாகும். இரண்டாம் பருவம் ஜூலை இறுதியை ஒட்டித் தொடங்கும். அதற்குச் சில வாரங்கள் முன்பாகவே மேற்கு சிட்னியின் வென்ட்வர்த்வில், டூங்காபி, பெண்டில் ஹில், வெஸ்ட்மீட் பகுதிகளிலுள்ள தமிழ் வீடுகளுக்கு ஊரிலிருந்து அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். உறவினரின் மகள், நண்பரின் தம்பி, பழைய அயலவரின் பேரன் என்று யாரேனும் ஒருவர் வரவிருப்பார். அவருக்குத் தங்க ஓர் அறை வேண்டும். வந்ததும் செய்வதற்கு ஒரு பகுதிநேர வேலை வேண்டும். இரண்டும் பெரும்பாலும் தெரிந்தவர் வழியாகவே அமைகின்றன.

இதில் பெரும் நன்மை உண்டு. புதிய நாட்டில் இறங்கிய முதல் இரவில் சூடான சோறும் தாய்மொழிப் பேச்சும் கிடைப்பது சிறிய காரியமன்று. ஆனால் இதற்குள் ஒரு சிக்கலும் இருக்கிறது. வீட்டுக்காரரை 'அண்ணா' என்றும் கடை முதலாளியை 'அங்கிள்' என்றும் அழைத்துப் பழகிய பிறகு, அவரிடம் ரசீது கேட்க மாணவருக்கு நா எழுவதில்லை. கேட்டால் தம்மை நம்பவில்லை என்று அவர் வருந்துவாரோ என்ற தயக்கம். இடமளிப்பவருக்கும் அதே தயக்கம்தான்: தெரிந்தவர் பிள்ளையிடம் போய் ஒப்பந்தம் எழுதி வாங்குவதா என்று. வாய்ச்சொல்லாக அமைந்த இந்த ஏற்பாடுகள் நல்லபடியாக நடக்கும்வரை எவருக்கும் குறையில்லை. பிணக்கு வரும் நாளில்தான், எழுத்தில் ஒன்றும் இல்லாததன் விலை தெரிகிறது. அந்த விலையைப் பெரும்பாலும் மாணவரே கொடுக்கிறார்.

இங்கே கூறப்படும் வாடகை விதிகள் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துக்கு உரியவை. பிற மாநிலங்களில் அவை வேறுபடும். வேலை தொடர்பாகக் கூறப்படுபவை நாடு முழுவதற்கும் பொருந்தும்.

அறை ஒன்றுதான், சட்ட நிலை மூன்று

ஒரே தெருவில், ஒரே அளவு வாடகை கொடுத்து, ஒரே அளவுள்ள அறையில் தங்கியிருக்கும் மூன்று மாணவர்களின் உரிமைகள் மூன்று விதமாக இருக்கக்கூடும்.

முதலாமவர், வீட்டின் வாடகை ஒப்பந்தத்திலேயே தம் பெயர் இடம்பெற்றவர். வீட்டு உரிமையாளரோ ஏஜென்ட்டோ அவருடன் நேரடியாக ஒப்பந்தம் செய்துள்ளார். 2010ஆம் ஆண்டின் குடியிருப்பு வாடகைச் சட்டம் அவருக்கு முழுமையாகப் பொருந்தும்.

இரண்டாமவர், வேறொருவர் பெயரில் இருக்கும் வாடகை வீட்டில் ஓர் அறையை எடுத்துக்கொண்டவர். உள்வாடகை என்று ஊரில் சொல்வது இதைத்தான். மாணவர்களுள் மிகப் பலரின் நிலை இதுவே. இடறி விழும் இடமும் இதுவே.

மூன்றாமவர், உரிமையாளர் குடும்பம் குடியிருக்கும் வீட்டிலேயே ஓர் அறையில் தங்குபவர். சாப்பாடும் அங்கேயே என்றால் அவர் ஏறக்குறைய அக்குடும்பத்தில் ஒருவராகவே ஆகிவிடுவார். சட்டமோ அவரை வாடகைதாரர் என்று கொள்வதில்லை. ஒண்டித் தங்குபவராகவே பொதுவாகக் கருதும். குடியிருப்பு வாடகைச் சட்டம் இத்தகையோரைத் தன் வரம்புக்கு வெளியே வைத்துள்ளது.

இரண்டாமவரின் நிலையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். மூன்று படுக்கையறை கொண்ட வீடொன்றை ஒருவர் தம் பெயரில் வாடகைக்கு எடுத்திருக்கிறார். அதில் இரண்டு அறைகளை இரு மாணவர்களுக்குக் கொடுக்கிறார். அறைக்கு வார வாடகை 250 டாலர். 'பாண்ட்' என்று எல்லோரும் சொல்லும் பிணைத்தொகை நான்கு வார வாடகை, அதாவது 1,000 டாலர். ஒரு மாணவர் அதைக் கையில் ரொக்கமாகக் கொடுக்கிறார். ரசீது இல்லை, ஒப்பந்தம் இல்லை. எட்டு மாதங்களுக்குப் பின் அவர் வேறிடம் செல்லும்போது, சுவரில் கறை என்றும் மின்கட்டணம் கூடிவிட்டது என்றும் காரணம் கூறி அந்த 1,000 டாலர் திருப்பித் தரப்படவில்லை.

வாடகைப் பிணக்குகளை விசாரிக்க இம்மாநிலத்தில் 'என்கேட்' எனப்படும் தீர்ப்பாயம் இருக்கிறது. ஆனால் அம்மாணவர் அங்கே வாடகைதாரராகச் சென்று நிற்க இயலாது. வாடகைச் சட்டத்தின் 10ஆம் பிரிவு கூறுவது இது: எழுத்துமூல ஒப்பந்தம் உள்ள வீட்டில், அந்த ஒப்பந்தத்தில் பெயர் இல்லாமல் தங்கியிருக்கும் ஒருவர் உள்வாடகைதாரர் என்று உரிமை கோர வேண்டுமானால், அவருக்கும் அவருக்கு அறை கொடுத்தவருக்கும் இடையிலான ஒப்பந்தமும் எழுத்தில் இருக்க வேண்டும். எட்டு மாதம் தவறாமல் வாடகை செலுத்தியிருந்தாலும், வாய்ச்சொல் ஏற்பாடு அவரை வாடகைதாரர் ஆக்குவதில்லை. கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கப் பொதுவான வேறு சட்ட வழிகள் இருக்கலாம். அவை நீண்டவை, கையில் சான்று இல்லாதவருக்குக் கடினமானவை.

அதே மாணவர் முதல் நாளிலேயே ஒப்பந்தப் படிவத்தில் கையொப்பம் பெற்றிருந்தால் நிலைமை முற்றிலும் வேறு. பிணைத்தொகை நான்கு வார வாடகையை மீறக்கூடாது. முன்பணமாக இரண்டு வார வாடகைக்கு மேல் கேட்கக்கூடாது. பிணைத்தொகை, வாங்கியவரின் பையில் இராமல் மாநில அரசின் வாடகைப் பிணைத்தொகைக் கணக்கில் செலுத்தப்பட வேண்டும். வாடகைதாரர் இணையம் வழியாகவே அங்கு அதைச் செலுத்தவும் வசதி உண்டு. வெளியேறும்போது, எதிர்த்தரப்பின் ஒப்புதலுக்குக் காத்திராமல் மாணவர் தாமே அத்தொகையைக் கோரலாம். அப்போது மறுதரப்புக்கு அறிவிப்புச் செல்லும். 14 நாள்களுக்குள் அவர் தீர்ப்பாயத்துக்குச் செல்லாவிட்டால் பணம் மாணவருக்கு வந்துசேரும். கறை இருந்தது என்று மெய்ப்பிக்க வேண்டிய பொறுப்பு அதைச் சொல்பவருடையதாகிறது. வாடகையை 12 மாதங்களில் ஒரு முறைக்கு மேல் உயர்த்த முடியாது. 2025 மே 19 முதல், சட்டம் ஏற்கும் காரணம் ஒன்றைக் காட்டாமல் வெளியேறச் சொல்லவும் முடியாது. இத்தனை பாதுகாப்பும் சில பக்கத் தாளில் இருக்கிறது. மாநில அரசின் வணிக நியாயத் துறையாகிய 'ஃபேர் டிரேடிங்' அந்தப் படிவத்தை இலவசமாகவே அளிக்கிறது.

அறை கொடுப்பவரும் இதை அஞ்ச வேண்டியதில்லை. மாணவர் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டால், வாடகைப் பாக்கிக்கு அவர் கையிலிருக்கும் சான்றும் அதே தாள்தான். எனினும் ஒரு முன்நிபந்தனை உண்டு. வாடகை வீட்டில் ஓர் அறையை மற்றொருவருக்குக் கொடுப்பதற்கு உரிமையாளரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அச்சம்மதம் இருக்கிறதா என்று மாணவர் பணிவாகக் கேட்பது பிழையாகாது. சம்மதமின்றி நடக்கும் ஏற்பாடு வெளிப்பட்டால், வீட்டை எடுத்தவர், அறையை எடுத்தவர் இருவருமே இடத்தை இழக்க நேரலாம்.

குடும்பத்தோடு தங்கும்போது

உரிமையாளர் வீட்டில் தங்கும் மாணவருக்குச் சட்டத்தின் துணை குறைவு. ஆகவே அங்கே எழுத்து இன்னும் கூடுதலாகத் தேவைப்படுகிறது. இது முத்திரைத்தாள் ஒப்பந்தமாக இருக்க வேண்டியதில்லை. இரு தரப்பும் கையொப்பமிட்டு ஆளுக்கொரு படி வைத்துக்கொள்ளும் ஒரு பக்கத் தாள், தமிழிலோ ஆங்கிலத்திலோ, போதுமானது.

அதில் எழுத வேண்டியவை பணம் மட்டுமல்ல. வார வாடகை எவ்வளவு, அதில் மின்சாரம், எரிவாயு, இணையம் அடங்குமா, சாப்பாடு அடங்கினால் எத்தனை வேளை, வெளியேற எத்தனை வாரம் முன்னறிவிப்பு, பிணைத்தொகை எவ்வளவு, எதற்காக அதில் கழிக்கலாம் என்பவை எளிதில் நினைவுக்கு வரும். பிணக்குகள் தொடங்குவதோ பெரும்பாலும் வேறிடத்தில். மரக்கறிச் சமையல் மட்டுமே நடக்கும் வீட்டில் மாணவர் முட்டை பொரிக்கலாமா? வெளியிலிருந்து வாங்கிவந்த இறைச்சி உணவைக் குளிர்பெட்டியில் வைக்கலாமா? வேலை முடிந்து நள்ளிரவு 1 மணிக்கு வருபவர் குளிக்கலாமா? நண்பர் ஒருவர் இரவு தங்கலாமா? வீட்டில் விசேஷம் என்றால் மாணவரின் அறை விருந்தினருக்குக் கொடுக்கப்படுமா? குழந்தையைப் பார்த்துக்கொள்வது, புல் வெட்டுவது போன்ற உதவிகள் வாடகையில் கழிக்கப்படுமா, அல்லது அன்பின்பேரில் எதிர்பார்க்கப்படுமா? இவற்றை முதல் வாரத்திலேயே கேட்டுத் தெளிந்துகொள்ளும் மாணவரை அடக்கமற்றவர் என்று எண்ணத் தேவையில்லை. மூன்றாம் மாதம் முகம் வாடிப் பேச்சு நின்றுபோவதைவிட இது எவ்வளவோ மேல்.

பணம் கைமாறும் முறையும் ஒரு சான்றே. வங்கி வழியாக அனுப்பி, குறிப்பிடும் இடத்தில் 'பிணைத்தொகை' என்றோ 'மார்ச் முதல் வார வாடகை' என்றோ எழுதிவிட்டால் தனியாக ரசீது கேட்கும் சங்கடமே எழாது. ரொக்கமாகக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், தொகையும் தேதியும் குறித்த ஒரு குறுஞ்செய்தியை அன்றே அனுப்பி, 'கிடைத்தது' என்ற பதிலைப் பெற்றுக்கொள்ளலாம். அறைக்குள் பெட்டியை வைப்பதற்கு முன்பே சுவர், தரைவிரிப்பு, சன்னல், மெத்தை ஆகியவற்றைக் கைபேசியில் காணொளியாக எடுத்துவைப்பதற்கு இரண்டு நிமிடம் ஆகும். முறையான வாடகை ஒப்பந்தமாயின், வீட்டு நிலை அறிக்கை ஒன்றும் தரப்படும்; அதை நிரப்பி 7 நாள்களுக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். பலர் அதைப் பெட்டிக்கடியில் வைத்து மறந்துவிடுகின்றனர்.

ஊரிலிருந்து புறப்படுவதற்கு முன்பே, படத்தில் மட்டும் கண்ட அறைக்குப் பிணைத்தொகை அனுப்புவதைத் தவிர்க்க வேண்டும். வேறொரு வீட்டின் விளம்பரப் படங்களை எடுத்துப் போட்டு, சாவியைத் தபாலில் அனுப்புவதாகக் கூறிப் பணம் பறிப்பது பழகிப்போன மோசடி. முதல் இரண்டு வாரங்களுக்குத் தெரிந்தவர் வீட்டிலோ பல்கலைக்கழகத்தின் தற்காலிக விடுதியிலோ தங்கி, நேரில் பார்த்தபின் அறையை முடிவுசெய்வது செலவு கூடியதாகத் தோன்றினாலும் முடிவில் மலிவானது.

வீட்டில் இடமளிப்போர் கவனத்துக்குச் சில. அறை வாடகையாகப் பெறும் வருமானம் வரிக்கணக்கில் காட்டப்பட வேண்டியது. பின்னாளில் வீட்டை விற்கும்போது மூலதன ஆதாய வரி விலக்கையும் அது பாதிக்கக்கூடும் என்பதால் கணக்காளரிடம் ஒரு சொல் கேட்டுவிடுவது நல்லது. கட்டணம் செலுத்தித் தங்குவோர் ஐவரோ அதற்கு மேலோ ஆகிவிட்டால், அது 2012ஆம் ஆண்டின் தங்கும்விடுதிச் சட்டத்தின்கீழ் பதிவுசெய்யப்பட வேண்டிய விடுதியாகக் கருதப்படலாம். கார் கொட்டகையை அறையாக்குவதற்கும், கூடத்தின் நடுவே தடுப்பெழுப்பி இன்னோர் அறை உண்டாக்குவதற்கும் முன் நகர சபையிடம் கேட்க வேண்டும். இது வெறும் அலுவலகச் சடங்கு அன்று. தீப்பிடித்தால் அந்தத் தடுப்புக்குப் பின்னால் உறங்குபவர் எந்த வழியாக வெளியேறுவார் என்பதே அங்கே எழும் கேள்வி. வீட்டின் ஒவ்வொரு தளத்திலும் வேலை செய்யும் புகை எச்சரிக்கைக் கருவி ஒன்றாவது இருப்பது இம்மாநிலத்தில் சட்டப்படி கட்டாயம்.

உணவு விநியோகத்துக்கு மின்மிதிவண்டி ஓட்டும் மாணவர்கள் அதன் மின்கலத்தைப் படுக்கையருகிலோ வாசலுக்குச் செல்லும் வழியிலோ இரவு முழுவதும் மின்னேற்றக்கூடாது. லித்தியம் மின்கலத் தீ சில நொடிகளில் பெருகுவது. தண்ணீர் ஊற்றினாலும் எளிதில் அடங்காதது. ஜூலையில் வந்திறங்குவோருக்குச் சிட்னிக் குளிர் எதிர்பாராத ஒன்று. பல வீடுகளில் உள்ளே இருக்கும் குளிர் வெளியே இருப்பதைவிடக் கடுமையாகத் தோன்றும். எத்தனை குளிரென்றாலும் கரியடுப்பையோ, வெளிமுற்றத்துக்கான எரிவாயுச் சூடாக்கியையோ வீட்டுக்குள் கொண்டுவரக்கூடாது; அதிலிருந்து எழும் நச்சுவாயுவுக்கு மணமில்லை.

வேலைக்குப் போகும்போது

மாணவர் விசாவில் இருப்பவர், படிப்பு நடக்கும் காலத்தில் இரண்டு வாரங்களுக்கு 48 மணி நேரம் வரை வேலை செய்யலாம். விடுமுறைக் காலத்தில் இந்த வரம்பு இல்லை. முதுகலை ஆய்வு, முனைவர் பட்டம் ஆகியவற்றைத் தொடங்கிவிட்டவர்களுக்கும் இல்லை. படிப்புத் தொடங்குவதற்கு முன்பு வேலைக்குப் போகக் கூடாது.

இந்த 48 மணி நேரக் கணக்கில் பலர் தவறுகின்றனர். இரண்டு வாரம் என்பது திங்கட்கிழமை தொடங்கும் 14 நாள்கள். ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒரு புதிய 14 நாள் கணக்கு தொடங்குகிறது என்பதுதான் நுட்பம். ஒருவர் முதல் வாரம் 18 மணியும் இரண்டாம் வாரம் 30 மணியும் வேலை செய்தால் மொத்தம் 48, வரம்புக்குள் இருக்கிறார். மூன்றாம் வாரம் புதுக் கணக்கு என்று எண்ணி 25 மணி நேரம் செய்துவிட்டால், இரண்டாம் மூன்றாம் வாரங்களின் கூட்டுத்தொகை 55 ஆகி, விசா நிபந்தனை மீறப்பட்டுவிடுகிறது. அவர் மூன்றாம் வாரம் 18 மணியோடு நிறுத்தியிருக்க வேண்டும். இரண்டு இடங்களில் வேலை செய்தால் இரண்டையும் கூட்ட வேண்டும். கைபேசிச் செயலி வழியாகச் செய்யும் உணவு விநியோகமும் வேலையே.

ஊதியம் பற்றி: 2025 ஜூலை 1 முதல் தேசியக் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 24.95 டாலர், ஒவ்வோர் ஆண்டும் ஜூலையில் இது மாறும். நிரந்தரமற்ற 'கேஷுவல்' வேலைக்கு 25 விழுக்காடு கூட்டி 31.19 டாலர். உணவகம், கடை, துப்புரவு என்று ஒவ்வொரு தொழிலுக்கும் தனித்தனி ஊதிய ஆணைகள் உள்ளன. ஞாயிறு, பொதுவிடுமுறை நாள்களுக்குக் கூடுதல் ஊதியம் உண்டு. 21 வயது நிரம்பாதவர்களுக்கு விகிதம் குறையலாம். எந்த விசாவில் இருந்தாலும் ஊதிய உரிமை ஒன்றே. மாணவர் என்பதற்காகவோ, ரொக்கமாகக் கொடுப்பதற்காகவோ குறைத்துக் கொடுக்க வழியில்லை.

ஆனால் 'கையில் 15 டாலர், வரி கிரி ஒன்றும் கிடையாது' என்று சொல்லப்படும்போது, ஊர்ப் பணத்தில் பெருக்கிப் பார்க்கும் மாணவருக்கு அது பெரிய தொகையாகத் தோன்றும். இங்குள்ள கணக்கில் பார்த்தால் மணிக்கு 16.19 டாலர் குறைகிறது. வாரம் 20 மணி நேரம் என்றால் 323.80 டாலர், 12 வாரப் பருவம் ஒன்றில் ஏறத்தாழ 3,900 டாலர். மேற்சொன்ன 250 டாலர் அறைக்கு 15 வார வாடகை அது. 'வரி கிரி கிடையாது' என்பதும் உண்மையில் சலுகையன்று. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட படிப்புக்காக வந்துள்ள மாணவர் பொதுவாக வரி விதிப்பில் இந்நாட்டில் வசிப்பவராகவே கருதப்படுவார். ஆண்டுக்கு 18,200 டாலர் வரை அவருக்கு வருமான வரியே இல்லை.

'சூப்பர்' எனப்படும் ஓய்வூதியச் சேமிப்பும் இத்துடன் போய்விடுகிறது. 18 வயது கடந்த ஊழியருக்கு, ஊதியத்துக்கு மேலாக அதன் 12 விழுக்காட்டை முதலாளி செலுத்த வேண்டும். வாரம் சில மணி நேரமே வேலை செய்பவருக்கும் இது உண்டு.

ஊதியத்தைக் குறைப்பதற்கு வேறு வழிகளும் உள்ளன. அவற்றைப் பெயர் சொல்லி அறிந்திருப்பது நல்லது. ஒன்று, 'ஏபிஎன் எடுத்துக்கொண்டு வா' என்பது. ஏபிஎன் என்பது சொந்தத் தொழில் செய்வோருக்கான எண். முதலாளி சொல்லும் நேரத்தில், அவர் கடையில், அவர் பாத்திரத்தைக் கழுவும் ஒருவர் சொந்தத் தொழில் செய்பவர் அல்லர். வரிக்கோப்பு எண்ணாகிய டிஎஃப்என் ஒன்றே அவருக்குப் போதும். அது வரி அலுவலகத்தில் இலவசமாகக் கிடைக்கும். மற்றொன்று, 'பழகிப் பார்' என்று வாரக்கணக்கில் சம்பளமின்றி வேலை வாங்குவது. ஒருவருக்கு வேலை தெரியுமா என்று அறியத் தேவையான குறுகிய நேரத்துக்கு மேல் அது செல்லுபடியாகாது. மூன்றாவது, வங்கியில் முழுச் சம்பளத்தையும் செலுத்திவிட்டு ஒரு பகுதியை ரொக்கமாகத் திருப்பி வாங்குவது. இதுவும் சட்டவிரோதமே. உடைந்த தட்டுக்கும் கல்லாவில் குறைந்த பணத்துக்கும் முதலாளி தம் விருப்பப்படி சம்பளத்தில் பிடித்துக்கொள்ள இயலாது.

சம்பளம் கொடுத்த ஒரு வேலைநாளுக்குள் சம்பளச் சீட்டுத் தரப்பட வேண்டும். அது தரப்படாத இடத்தில் மாணவர் தாமே ஒரு சிறு குறிப்பேடு வைத்துக்கொள்ளலாம்: தேதி, வந்த நேரம், போன நேரம், பெற்ற பணம். வேலை நேரத்தைத் தெரிவிக்கும் குறுஞ்செய்திகளை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். குறைவாகக் கொடுக்கப்பட்ட ஊதியத்தை 6 ஆண்டுகள் வரை பின்னோக்கிக் கோர இயலும் என்பதால், படிப்பு முடிந்து வேறு ஊருக்குப் போன பிறகும் அக்குறிப்பேடு பயன்படும். 2025 ஜனவரி 1 முதல், வேண்டுமென்றே ஊதியத்தைக் குறைத்துக் கொடுப்பது குற்றவியல் குற்றமாகவும் ஆக்கப்பட்டுள்ளது.

இத்தனை உரிமை இருந்தும் பலர் வாய் திறவாததற்குக் காரணம் ஒன்றுண்டு. ரொக்கச் சம்பளத்துக்கு 48 மணியைத் தாண்டி வேலை செய்திருப்பார். அது முதலாளிக்கும் தெரியும். 'நீ பேசினால் உன் விசா போய்விடும்' என்ற ஒரு சொல்லில் எல்லாம் அடங்கிவிடும். இங்கே தெளிவாக அறிய வேண்டியவை இரண்டு. விசாவை ரத்துசெய்யும் அதிகாரம் எந்த முதலாளிக்கும் இல்லை. அது உள்துறை அமைச்சுக்கு மட்டுமே உரியது. மேலும், 2024 ஜூலையில் தொடங்கப்பட்ட ஏற்பாடு ஒன்றின்படி, வேலையிடத்தில் சுரண்டப்பட்ட தற்காலிக விசாக்காரர், வேலை நிபந்தனையை மீறியிருந்தாலும், அங்கீகாரம் பெற்ற அமைப்பொன்றின் சான்றுடன் விசா ரத்திலிருந்து பாதுகாப்புக் கோரலாம். அவரவர் நிலைக்கு இது பொருந்துமா என்பதை முதலில் வழக்கறிஞரிடம் கேட்டு அறிவது முறை. ரெட்ஃபெர்ன் சட்ட மையம் இம்மாநிலத்தின் வெளிநாட்டு மாணவர்களுக்கு இலவசமாகவும் இரகசியமாகவும் ஆலோசனை வழங்குகிறது. வேலை, வாடகை இரண்டு பற்றியும் அங்கே கேட்கலாம். ஊதியம் பற்றி 'ஃபேர் வொர்க்' அலுவலகத்தை 13 13 94 என்ற எண்ணில் அழைக்கலாம்.

ஆங்கிலத்தில் விளக்கிச் சொல்வது கடினமாக இருந்தால், 131 450 என்ற மொழிபெயர்ப்புச் சேவையை முதலில் அழைத்து 'தமிழ்' என்று கூறினால் போதும். உரையாசிரியர் இணைப்பில் வந்தபின் எந்த அலுவலகத்துடன் பேச வேண்டும் என்பதைச் சொல்லலாம். பல்கலைக்கழகத்தில் படிக்கும் அளவு ஆங்கிலம் தெரிந்தவருக்கு உரையாசிரியர் எதற்கு என்று சிலர் கூச்சப்படுகின்றனர். பாடத்தை ஆங்கிலத்தில் எழுதுவது வேறு. மனம் கலங்கிய நிலையில் தன் குறையைக் கோவையாகச் சொல்வது வேறு.

உடல்நலம்

மாணவர் விசாவுக்குரிய மருத்துவக் காப்பீடு, விசாக் காலம் முழுவதும் நடப்பில் இருக்க வேண்டும். இந்தியா, இலங்கையிலிருந்து வரும் மாணவர்களுக்கு மெடிகேர் கிடையாது. காய்ச்சல், வயிற்றுவலிக்கு நேராக மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்வது இங்கே வழக்கமன்று. குடும்ப மருத்துவரையே முதலில் பார்க்க வேண்டும். கட்டணத்தை நேரடியாகத் தங்களிடமே பெற்றுக்கொள்ளும் மருத்துவர்கள் யார் என்பதைக் காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்டுப் பெறலாம். எங்கே செல்வதென்று தெரியாத வேளையில் 1800 022 222 என்ற 'ஹெல்த்டைரக்ட்' எண்ணில் 24 மணி நேரமும் செவிலியரின் ஆலோசனை கிடைக்கும். உயிராபத்து என்றால் 000.

மனச்சோர்வைப் பற்றி மாணவர் தாமாகச் சொல்வது அரிது. ஊரில் நிலம் ஈடுவைத்தோ வங்கிக்கடன் பெற்றோ அனுப்பியிருப்பார்கள். ஒரு பாடத்தில் தவறியதைக்கூட வீட்டுக்குச் சொல்லாமல், 'எல்லாம் நல்லபடியாக இருக்கிறது' என்றே ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசியில் கூறிக்கொண்டிருப்பார். அறையைவிட்டு வெளியே வராதிருத்தல், சாப்பாடு குறைதல், வகுப்புக்குப் போவதாகச் சொல்லிப் போகாதிருத்தல் ஆகியவை முதலில் தென்படுவது கூடத் தங்கியிருப்பவர்களுக்கே. அவ்வேளையில் ஊருக்குத் தகவல் சொல்லிவிடுவதாக மிரட்டாமல், பல்கலைக்கழக ஆலோசகரிடம் ஒருமுறை உடன் செல்வது பெரிய உதவி. அச்சேவை மாணவர்களுக்கு இலவசம். இரவில் பேச எவரும் இல்லாதபோது 13 11 14 என்ற 'லைஃப்லைன்' எண் இருக்கிறது.

நகர சபையின் பங்கு

நகர சபை நூலக உறுப்பினர் அட்டைக்குக் கட்டணம் இல்லை. முகவரிச் சான்று ஒன்று வேண்டும். மேலே சொன்ன ஒப்பந்தத் தாள் இங்கும் உதவும். படிக்க இடம், இணையம், அச்சிடும் வசதி ஆகியவற்றுடன் ஆங்கில உரையாடல் வகுப்புகள் நடைபெறும் நூலகங்களும் உண்டு. சான்றிதழ்ப் படிகளுக்கு ஒப்பமிடும் சமாதான நீதவான்கள் குறித்த நேரங்களில் நூலகங்களில் இருப்பார்கள். அதற்குக் கட்டணம் வாங்க அவர்களுக்கு அனுமதியில்லை. குப்பைத் தொட்டிகளில் மஞ்சள் மூடி மறுசுழற்சிக்கு, சிவப்பு மூடி பொதுக் கழிவுக்கு. மாணவர் வீடுகளைப் பற்றி அயலவர் முதலில் முறையிடுவது இதைப் பற்றித்தான் என்பதால் எந்த நாளில் எதை வெளியே வைப்பது என்ற அட்டவணையைச் சமையலறைச் சுவரில் ஒட்டிவைப்பது நல்லது.

வீடு மாறினால் புதிய முகவரியை 7 நாள்களுக்குள் கல்வி நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இது விசா நிபந்தனைகளுள் ஒன்று.

நாடு திரும்பும்போது

படிப்பு முடிந்து நிரந்தரமாகத் திரும்புவோர், விசா முடிவடைந்தபின் தங்கள் 'சூப்பர்' தொகையை வரி அலுவலக இணையதளம் வழியாகக் கோரிப் பெறலாம். மாணவர்களைப் பொறுத்தவரை அதில் பெரும்பாலும் 35 விழுக்காடு வரியாகக் கழிக்கப்படும், எஞ்சியது அவர்களுடையது. பழைய கைபேசி எண்ணும் கடவுச்சொல்லும் கையில் இருக்கும்போதே இதற்கான விவரங்களைச் சேர்த்துவைத்தால், ஊருக்குப் போனபின் அலைய வேண்டியதில்லை. பிணைத்தொகையைத் திரும்பப் பெறும்வரை இங்குள்ள வங்கிக் கணக்கைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். அதன்பின் அதைத் தவறாமல் மூடிவிட வேண்டும். ஊர் திரும்பும் மாணவர்களிடம் வங்கிக் கணக்கையும் அட்டையையும் சில நூறு டாலருக்கு விலைக்குக் கேட்போர் இருக்கிறார்கள்; மோசடிப் பணத்தைக் கைமாற்றவே அவை பயன்படுகின்றன. அப்படிக் கொடுப்பது குற்றம். கணக்கில் இருக்கும் பெயர் மாணவருடையது.